சி3ஏவா, சி5பி-9ஆ? இரத்த மாதிரிக் குழாய்க்குள் முடிவான போட்டி

உடலுக்குள் நிரப்புப் புரதங்கள் (கிருமிகளைத் தாக்க ஒன்றையொன்று தூண்டிவிடும் இரத்தப் புரதங்கள்; சி1 முதல் சி9 வரை பெயர்) கிளர்ந்திருக்கின்றனவா என்று அறிய, ஒரு புரதத்தின் அளவை எதிர்ப்பான் கொண்டு அளக்கும் எலைசா கிட் ஒன்றே ஒன்று வாங்கத்தான் எங்களிடம் பணம் இருந்தது. போட்டி, சி3 உடையும்போது பிறக்கும் சி3ஏ துண்டுக்கும், கிளர்வின் கடைசியில் உருவாகி இரத்தத்தில் கரைந்து மிதக்கும் சி5பி-9 தொகுப்புக்கும். நான் இரண்டாவதை வாங்கினேன்.

மொத்த சி3 அளவு போதாதா என்பார்கள். அழற்சியின்போது கல்லீரல் சி3ஐக் கூடுதலாகச் சுரக்கும். செலவை வரவு மறைத்துவிடும். சி5 உடையும்போது பிறக்கும் சி5ஏ துண்டு? வெள்ளணுக்களின் ஏற்பிகள் அதை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாக்கிவிடும்.

சி3ஏயின் பெருமை எனக்குத் தெரியும். மூன்று கிளர்வுப் பாதைகளும் சி3இல்தான் சந்திக்கின்றன. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் சுமார் 1 மில்லிகிராம் சி3 இருக்கிறது. கையாளும்போது அதில் 1% உடைந்தாலே கிட்டத்தட்ட 500 நானோகிராம் சி3ஏ புதிதாகப் பிறந்துவிடும். நோயாளியின் உடலில் நடந்தது எது, நம் மேசையில் நடந்தது எது என்று பிறகு யார் பிரிப்பது? கடன் வாங்கிய கிட் ஒன்றில் என் இரத்தத்தையே சோதித்தேன். பனிக்கட்டியில் வைத்த குழாய் ஒழுங்காக இருந்தது; மதிய உணவு முடியும்வரை மேசையில் கிடந்த குழாயின்படி நான் நோயாளி!

மாதிரிக் குழாயில் இருக்கும் உறைதடுப்பானான ஈடிடிஏ, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக் கிளர்வைத் தடுக்கும். ஆனாலும் பிளாஸ்மாவிலுள்ள வேறு நொதிகள் சி3ஐ வெட்ட முடியும். இரத்தம் உறைந்தபின் பிரியும் நீரான சீரம் பற்றிப் பேச்சே வேண்டாம்; இரத்தம் உறையும்போதே எல்லாம் கிளர்ந்துவிடும்.

சி5பி-9 உருவாக, சி5 உடைந்து சி9 வரை வரிசையாகக் கூடவேண்டும். ஈடிடிஏ குழாயில் அது தானாக நடப்பது அரிது. கூடிய பிறகே சி9இல் வெளிப்படும் பகுதியைத்தான் கிட்டின் எதிர்ப்பான் பற்றுகிறது. தனித்த சி9 அதை ஏமாற்றாது. இரத்தத்தில் சி5பி-9இன் அரை ஆயுளும் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

எகுலிசுமாப் என்ற மருந்தைப் பெறுபவரிடம் மட்டும் என் தேர்வு தோற்கும். அந்த மருந்து சி5 உடைவதைத் தடுப்பதால் சி5பி-9 இறங்கிவிடும். மேலே சி3 உடைந்துகொண்டே இருக்கலாம். அங்கே சி3ஏயைத்தான் கேட்கவேண்டும். குழந்தைகளின் மாதிரிகளை நான் நான்கைந்துதான் பார்த்திருக்கிறேன். அதை வைத்து எதுவும் சொல்லமாட்டேன்.

இப்போது பிளாஸ்மாவைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறோம். ஒருமுறை உருகிய குப்பியின் மூடியில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிடுவேன்.