மதிப்பீட்டு வீச்சுகளை எக்செல்லில் வரைய: அடுக்குப் பட்டையா, பிழைக்கோடா?

ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிட்டால் ஒற்றை எண் வருவது அபூர்வம். டி.சி.எஃப். முறை (வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடுவது) ஒரு வீச்சைத் தரும்; அதே துறை நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இன்னொன்று வரும்; பழைய கையகப்படுத்தல்களை வைத்துப் பார்த்தால் வேறொன்று. இவற்றைப் படுக்கைப் பட்டைகளாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கிய படத்தை முதலீட்டு வங்கிகளில் ‘ஃபுட்பால் ஃபீல்டு’ என்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் உயிர் பட்டைகளில் இல்லை. அவற்றை வெட்டிச் செல்லும் செங்குத்துக் கோட்டில், அதாவது பேசப்படும் விலையில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் ட்விட்டருக்கு ஈலான் மஸ்க் சொன்ன விலை பங்குக்கு 54.20 டாலர். ஏப்ரல் 1 முடிவு விலையைவிட அது 38 சதவீதம் அதிகம். அது தாராளமா, கஞ்சத்தனமா என்பது கோடு எந்தப் பட்டையில் எங்கே விழுகிறது என்று பார்த்தால்தான் புரியும். ஆகவே எந்த வழியில் வரைவது என்பதையும் கோட்டை வைத்தே முடிவு செய்யலாம்.

பலரும் கையாளுவது அடுக்குப் பட்டை. ஒரு பத்தியில் குறைந்த மதிப்பு, அடுத்ததில் அதிகத்துக்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம். 52 வாரப் பங்கு விலை 180 முதல் 310 ரூபாய் வரை என்றால் 180, 130 என்று இட வேண்டும். முதல் தொடருக்கு, அதாவது முதல் பத்தியின் பட்டைகளுக்கு, ‘நோ ஃபில்’ (நிறமின்மை) கொடுத்தால் அது மறைந்து, 130 மட்டும் அந்தரத்தில் நிற்கும். பட்டியலின் முதல் வரி படத்தின் அடியில் போய் உட்காரும். அச்சு அமைப்பில் வரிசையைத் தலைகீழாக்கினால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. கோப்பை யாரிடம் கொடுத்தாலும் திருத்தத் தெரியும் என்பது இதன் பெரிய பலம்.

தொல்லை இரண்டு இடத்தில் வரும். முதலாவது, கோடு. அதைச் சிதறல் வரைபடத் (ஸ்கேட்டர்) தொடராக, ஒரே விலையில் 0, 1 என்ற இரு புள்ளிகளாகச் சேர்க்க வேண்டும். இரண்டாம் செங்குத்து அச்சின் உச்சத்தை 1 என்று பூட்டாவிட்டால் எக்செல் அதை 1.2 வரை நீட்டிவிடும். கோடு மேலே எட்டாமல் நின்றுவிடும். இரண்டாம் படுக்கை அச்சும் முளைத்திருந்தால் அதன் எல்லைகள் முதல் அச்சோடு ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 300 ரூபாய்க் கோடு 270இல் நிற்கும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

இரண்டாவது, எதிர்மறை எண். கடன் கழுத்துவரை இருக்கும் நிறுவனத்தில் கடனைக் கழித்தபின் பங்கின் மதிப்பு −20 முதல் 30 வரை என்று வரக்கூடும். வித்தியாசம் 50. எக்செல் எதிர்மறையை இடப்பக்கமும் நேர்மறையை வலப்பக்கமும் தனித்தனியே அடுக்கும் என்பதால், தெரியும் பட்டை 0 முதல் 50 வரை போய் நிற்கும்! விற்பவருக்கு இனிக்கும் படம்தான், ஆனால் பொய். மேக்ஸ், மின் சூத்திரங்களோடு கூடுதல் பத்திகள் போட்டுச் சரிக்கட்டலாம். அதற்குள் எளிமை போய்விடும்.

பிழைக்கோடு (எரர் பார்) என்பது ஒரு புள்ளியிலிருந்து நீளும் கோடு. அந்த வழியில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. சிதறல் வரைபடத்தில் குறைந்த மதிப்பைப் படுக்கை அச்சுக்கும் 4, 3, 2, 1 என்ற எண்களைச் செங்குத்து அச்சுக்கும் கொடுத்து, வலப்பக்கம் மட்டும் நீளும் பிழைக்கோட்டுக்கு வித்தியாசப் பத்தியைக் காட்டினால் போதும். புள்ளியை மறைத்து, கோட்டின் தடிமனை 18 பாயின்ட் ஆக்கினால் அச்சு அசல் பட்டைதான். −20இல் தொடங்கி 30இல் முடியும். விலைக்கோடும் அதே அச்சுகளில் இன்னொரு தொடர். விலையை மாற்றினால் பிசகாமல் நகரும். குறை, முறைகளின் பெயர்கள் தாமாக வராது. எக்செல் 2013 முதல் உள்ள, செல்லிலிருந்து லேபிள் எடுக்கும் வசதியால் ஒட்ட வேண்டும். இதைப் பார்த்திராதவர் கோப்பைத் திறந்தால் பட்டை எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

எக்செல் 2016இல் வந்த பெட்டி வரைபடத்தை இதற்கு இழுப்பது வீண். அது மூலத் தரவைக் கேட்டுக் கால்மானங்களை (தரவை நான்காகப் பிரிக்கும் எல்லைகளை) தானே கணக்கிடும். மற்ற வகைகளோடு சேராது என்பதால் சிதறல் தொடராகக் கோடு போட வழியில்லை. ஒப்பீட்டு நிறுவனங்களின் பெருக்கங்கள் (மதிப்பு, லாபம் போன்றவற்றைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்கள்) எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று காட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம். எக்செல்லின் பங்குச்சந்தை வரைபடமும் (ஸ்டாக் சார்ட்) உதவாது, அது நெட்டுக்குத்தாகவே வரும். ‘முந்தைய கையகப்படுத்தல்கள்’ போன்ற நீளப் பெயர்கள் அடியில் சாய்ந்து கழுத்தை வலிக்கச் செய்யும். கூகுள் ஷீட்ஸில் முதல் தொடரின் ஒளிபுகாமையைச் சுழியமாக்கி அடுக்குப் பட்டை வரையலாம், ஆனால் அங்கே கலப்பு வரைபடம் செங்குத்துப் பத்திகளுக்குத்தான். படுக்கைப் பட்டைகளின் மேல் விலைக்கோட்டைக் கையால்தான் வரைய வேண்டும். விலை மாறினால் அது நகராது.

வீச்சுகள் எல்லாம் நேர்மறை, கோப்பு பலர் கைக்குப் போகும் என்றால் அடுக்குப் பட்டையையே எடுப்பேன். கடன் மிகுந்த நிறுவனம், அல்லது பேரம் நடக்க நடக்க விலை மாறும் என்றால் யோசிக்காமல் பிழைக்கோடு. எதுவானாலும் அனுப்புமுன் விலைச் செல்லில் ஏதாவது ஒரு பட்டையின் குறைந்த மதிப்பையே இட்டுப் பாருங்கள். கோடு அந்தப் பட்டையின் இடது ஓரத்தைத் தொட்டபடி நிற்க வேண்டும்.