சிங்கப்பூருக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து சின்னப் பிள்ளையோடு சிங்கப்பூர் போக நினைப்பவர்கள் இதை ஒருக்கா முழுதாக வாசியுங்கள். என் காசு திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் எழுதவில்லை. என்னை ஏமாற்றிய அதே ஆளிடம் இன்னும் இரண்டு குடும்பம் கடவுச்சீட்டைக் கொடுத்து வைத்திருப்பதாகப் போன கிழமை கேள்விப்பட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் அங்கே கட்டட வேலையில் இருக்கிறார். மகள் பிறந்து மூன்றாம் மாதம் போனவர், நாங்கள் வெளிக்கிடும்போது அவளுக்கு இரண்டு வயதும் நாலு மாதமும். அப்பாவை அவளுக்கு போன் திரையில்தான் தெரியும். அவர் வேலை பெர்மிட்டில் நிற்பதால் குடும்பத்தைக் கூப்பிட்டு வைத்திருக்க முடியாது, தங்குவதும் தொழிலாளர் விடுதியில். சரி, இரண்டு கிழமை போய் நின்றுவிட்டு வருவோம் என்று முடிவெடுத்தோம். அவர் ஓவர்டைம் செய்து அனுப்பியது பாதி, என் காப்பு இரண்டையும் அடகு வைத்தது மீதி.

கடவுச்சீட்டு இரண்டையும் வவுனியா அலுவலகத்தில் நானே போய் எடுத்தேன், அதில் ஒரு கரைச்சலும் இல்லை. மிச்ச அலுவலைத்தான் ஏ9 வீதியில் கடை வைத்திருக்கும் ஒரு பெடியனிடம் கொடுத்தேன். பெரியம்மாவின் பக்கத்து வீடு, சின்ன வயதிலிருந்து தெரிந்த முகம். "நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா, விசா, டிக்கட், ரூம் எல்லாம் நான் பார்க்கிறன்" என்றான். மொத்தம் 4 லட்சத்து 10 ஆயிரம். அதில் விசாவுக்கு மட்டும் ஆளுக்கு 35 ஆயிரம். பற்றுச்சீட்டு கேட்டேன். "நான் எங்க ஓடவா போறன்" என்று சிரித்தான், நானும் விட்டுவிட்டேன்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சுற்றிப்பார்க்கவோ சொந்தக்காரரைப் பார்க்கவோ கொஞ்ச நாளைக்குச் சிங்கப்பூர் போக விசாவே தேவையில்லை. கடவுச்சீட்டில் குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும், திரும்பி வர டிக்கட் வேண்டும், செலவுக்குக் காசு காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், எத்தனை நாள் நிற்கலாம் என்பதை அங்கே இறங்கியதும் குடிவரவு அதிகாரிதான் சொல்வார். அதோடு வருகை அட்டை ஒன்று இணையத்தில் நிரப்ப வேண்டும். போய் இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்புவது, ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அவன் வெளிக்கிட இரண்டு நாள் இருக்கும்போது "விசா வந்திட்டுது அக்கா" என்று வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒற்றைப் பக்கம் அந்த அட்டை நிரப்பியதற்கு வந்த பதில்தான். எழுபதாயிரம் ரூபாய். அதைக் கூட எனக்கு மட்டும்தான் நிரப்பியிருந்தான், கைக்குழந்தைக்கும் தனியாக நிரப்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லையோ, தெரிந்தும் விட்டானோ.

இதெல்லாம் எனக்குக் கட்டுநாயக்கவில்தான் விளங்கியது. மத்தியானம் கிளிநொச்சியில் வான் ஏறி, மதவாச்சியில் பிள்ளை சத்தி எடுத்து, உடுப்பு மாற்றி, இரவு பத்து மணிக்கு விமான நிலையம் போய்ச் சேர்ந்து கவுண்டரில் நின்றால், அங்கு வேலை செய்யும் ஒரு பெண் என் மகளின் கடவுச்சீட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டார், என் அரைகுறைச் சிங்களத்துக்கு அது பிடிபட ஐந்து நிமிடம் எடுத்தது. பிள்ளைக்கு சீட் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு போகும் கைக்குழந்தை டிக்கட் போட்டிருக்கிறது, பிறந்த வருடத்தை ஒரு வருடம் தள்ளிக் கொடுத்திருக்கிறது.

விமானத்தில் இரண்டு வயது முடியாத பிள்ளைக்குத்தான் மடி டிக்கட், அதற்குக் காசு மிகக் குறைவு. இரண்டு முடிந்துவிட்டால் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும். டிக்கட் போடும் நாளில் அல்ல, பயணம் செய்யும் நாளில் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள், இடையில் பிள்ளைக்கு இரண்டு முடிந்தால் திரும்பி வரும்போது சீட் வேண்டும். என்னிடம் சீட்டுக்கான முழுக் காசையும் வாங்கிவிட்டுப் பிள்ளையின் பிறந்த திகதியை மாற்றி மடி டிக்கட் போட்டிருக்கிறான். அவனுக்கு ரிங் போகிறது, எடுக்கவில்லை. பதினொரு மணிக்குத் தம்பியை எழுப்பி, அவனுடைய கார்டில் 68 ஆயிரம் கட்டிப் புது டிக்கட் எடுத்தோம். கவுண்டர் மூட கால் மணித்தியாலம் இருந்தது. பிள்ளை நிலத்தில் படுத்து அழுகிறாள், நான் அவளை ஒரு காலால் அணைத்துக்கொண்டு போனில் அவளுடைய வருகை அட்டையை நிரப்புகிறேன். அந்தப் பெண்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லித் தந்தார்.

அங்கே போனால் அறை இன்னொரு கதை. சிராங்கூன் வீதிக்குப் பக்கத்தில் ஹோட்டல் என்று சொன்னது ஓர் அடுக்குமாடி வீட்டின் உள் அறை. வாசலில் வைத்தே அந்த வீட்டு அம்மா, "லிஃப்ட்ல யாரும் கேட்டா என் சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்கம்மா" என்றார். கணவருக்கு முகம் வெளிறிவிட்டது. அங்கே அரசாங்க அடுக்குமாடி வீட்டைச் சுற்றுலா வந்தவருக்கு வாடகைக்குக் கொடுக்கக் கூடாது, வாடகைக் காலம் குறைந்தது 6 மாதம். தனியார் வீடு என்றாலும் 3 மாதம். இது பிடிபட்டால் தன் பெர்மிட்டுக்கு என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம். என் வருகை அட்டையில் அவன் எழுதியிருந்ததோ நான் பார்த்தேயிராத ஒரு ஹோட்டலின் பெயர், அந்தப் பொய்யோடுதான் அதிகாரி முன்னால் நின்றிருக்கிறேன்! அன்றிரவே வெளியேறி, ஒரு நாளைக்கு 120 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு சின்ன ஹோட்டல் எடுத்தோம். இரண்டு கிழமை ஏழு நாளாகச் சுருங்கியது, திகதி மாற்ற அதற்கும் ஒரு காசு.

பிள்ளையோடு போகிறவர்களுக்கு இன்னொன்று: 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளையைக் காரில் ஏற்ற அதற்கான இருக்கை கட்டாயம், ஆப்பில் பிடித்த கார்க்காரர் எங்களை ஏற்றாமல் போய்விட்டார். டாக்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் 0.9 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்கு இலவசம், நாங்கள் பிறகு அதில்தான் திரிந்தோம்.

வந்த பிறகு அவனுடைய கடைக்குப் போனேன். எழுபதாயிரமும் "சேவிஸ் சார்ஜ்" என்றான், பிறந்த திகதி "டைப் பண்ணும்போது பிழைச்சிட்டுது" என்றான், 20 ஆயிரம் தந்தான். பெரியம்மா கூட "ஊருக்குள்ள சண்டை வேண்டாம் பிள்ளை" என்கிறார். எனக்கு அது ஏற்கவில்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் எடுத்துக் கதைத்தேன், எழுத்தில் தரச் சொன்னார்கள். என்னிடம் பற்றுச்சீட்டு இல்லை. அவன் அனுப்பிய குரல் பதிவுகளும், வங்கியில் போட்ட சிட்டையும், அந்த 'விசா' தாளும் இருக்கின்றன. திங்கட்கிழமை கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கொண்டு போகிறேன். அவனிடம் கொடுத்து வைத்திருக்கும் அந்த இரண்டு குடும்பமும் இதைப் பார்த்தால், முதலில் டிக்கட்டை வாங்கி அதில் உங்கள் பிள்ளையின் பிறந்த திகதியைப் பாருங்கள்.