கேனரி வார்ஃப் நூடுல்ஸ் கடை: மூன்று நட்சத்திரம்

எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இரவு ஷிஃப்ட் என்றால் லண்டனில் வங்கி அலுவலகங்கள் நிறைந்த கேனரி வார்ஃப் பகுதியில் இந்தக் கடைதான். நூடுல்ஸ் சுமார், உப்பு தூக்கல். மிளகாய் எண்ணெய் மட்டும் அருமை. பத்து மணிக்கு மேல் வரிசையில் நிற்பதெல்லாம் முதலீட்டு வங்கிப் பிள்ளைகள். பில்லை மறக்காமல் கேட்டு வாங்குகிறார்கள், இரவுச் சாப்பாட்டுக் காசை ஆபீஸ் தருமாம். என் முன்னால் நின்ற பையன், ஸ்லைடில் லோகோவை மயிரிழை நகர்த்தச் சொன்ன மேலாளருக்கு போனில் ‘சரி’ தட்டிக்கொண்டிருந்தான். ஜேபி மோர்கன் வங்கி 2024இல் இளநிலை வங்கியாளர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. வரம்பே அவ்வளவு! அப்புறம், பார்சல் என்றால் சூப்பைத் தனியாகக் கேளுங்கள், நூடுல்ஸ் ஊறிவிடும்.