சேலத்திலிருந்து காசி: ஒரு யாத்திரை சேவையைப் பற்றி

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சிறிய யாத்திரை சேவை இருக்கிறது. ராமேஸ்வரத்தில் தொடங்கி, பிரயாகை, காசி, கயை போய், மறுபடி ராமேஸ்வரத்தில் முடிக்கிறார்கள். சமையல் ஆள் கூடவே வருகிறார்.

இவர்களிடம் முதலில் பாராட்ட வேண்டியது வரிசை. நேரே காசிக்கு ரயில் ஏற்றிவிட்டு, ராமேஸ்வரத்தை அவரவர் வசதிக்கு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். இங்கே அக்னி தீர்த்தத்தில் மணலெடுத்துப் பூஜை செய்து, அதைத் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வைக்கிறார்கள். கங்கை நீரையும் அங்கேயே எடுக்கிறார்கள். காசியில் நீர் எடுக்காமல் பிரயாகையில்தான் எடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்த நீர் ராமநாத சுவாமி அபிஷேகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் யாத்திரை பூர்த்தி.

நீருக்கு பிளாஸ்டிக் கேன் வேண்டாம். ரயிலில் சீட்டுக்கு அடியில் உருண்டு, மூடி தளர்ந்து, ஊர் வருவதற்குள் பாதி காலியாகிவிடும். நீர் நிரப்பி, வாயை ஈயத்தால் பற்றவைத்து மூடிய செம்புச் சொம்பு வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் தலைகீழாகப் பிடித்து, பற்று வைத்த விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் தெரிந்தால் வேறு சொம்பு கேளுங்கள்.

காசியில்தான் குறை. படகுக்கு விடியற்காலையில் அசி கட்டத்துக்கு, அதாவது அசி படித்துறைக்கு, அழைத்துப் போவது சரியான தேர்வு. கட்டங்கள் கிழக்கே பார்த்தவை, கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் நீரோட்டத்தோடு போகும்போது கதைகள் தாமாக வரிசையில் வரும். அரிச்சந்திரன் சுடலை காத்த கட்டம், அதை அடுத்து கேதார கட்டம், பிறகு தசாஸ்வமேதம், அதன்பின் அம்பாளின் காதணி விழுந்ததாகச் சொல்லும் மணிகர்ணிகை. ஆனால் வழிகாட்டி இத்தனையையும் முதல் நாளே பஸ்ஸில் மைக் பிடித்துச் சொல்லி முடித்துவிடுகிறார். படகில் பேச்சே இல்லை. சுகவனேஸ்வரர் சந்நிதியில் நின்று கிளி முகத்துச் சுகர் கதையைக் கேட்டு வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு, இடமும் கதையும் பிரிந்தால் என்ன போகும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

கேதார கட்டத்தைப் படகிலிருந்தே காட்டிவிட்டுப் போவது பெரிய தவறு. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த படிகளில் இறங்கி ஏற அரை மணி போதும். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் சகலகலாவல்லி மாலை பாடி, இந்துஸ்தானி பேசும் வரம் பெற்று, சிங்கத்தின் மேலேறி அரசவைக்குப் போய் மடத்துக்கு இடம் வாங்கினார் என்ற கதைக்கு உரிய இடம் அது. கேதாரேஸ்வரர் கோயில் நிர்வாகம் இன்றும் அவர் நிறுவிய மடத்தின் கையில்தான். தமிழர் கூட்டத்தைக் கூட்டிப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாமா?

விசுவநாதர் கோயிலைப் பல ஆயிரம் ஆண்டுப் பழைய கட்டடம் என்று சொல்வதையும் திருத்திக்கொள்ள வேண்டும். தலம்தான் பழையது. 1669-இல் ஔரங்கசீப் ஆணையால் கோயில் இடிக்கப்பட்டது. இன்று நாம் வணங்கும் கோயில் 1780-இல் இந்தூர் ராணி அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பியது. விமானத்துப் பொன் மகாராஜா ரஞ்சித் சிங் தந்தது. சுற்றியுள்ள புதிய வளாகம் 2021 டிசம்பரில் திறந்தது. இதைச் சொன்னால் பக்தி குறையாது, கூடும்.

சாப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. படகுக் கூலி, ஆட்டோ, புரோகிதர் தட்சணை மூன்றும் கட்டணத்தில் சேராதவை, முன்பணம் கட்டும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விசுவநாதர் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, அறையிலேயே வைத்துவிட்டால் லாக்கர் வரிசை மிச்சம்.

ஆகஸ்ட், செப்டம்பர் தேதி கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளத்தில் கட்டங்கள் மூழ்கிப் படகை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், கயை சிராத்தம் தேதி தவறும். அக்டோபர் கடைசி, நவம்பர், இல்லாவிட்டால் பிப்ரவரி கேளுங்கள்.