கிளாஸ் பலமிழக்கும் வாரங்களில்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஒரு மதிப்புரை

பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இன்று 13 கிளாஸ்களும் (பாத்திர வகைகள்), அவற்றின் கீழ் ஏறத்தாழ 40 ஸ்பெக்குகளும் (உட்பிரிவுகள்) இருக்கின்றன. அவற்றுள் எதுவுமே பலத்தில் ஏறாமலும் இறங்காமலும் ஒரு சீசன் முழுவதும் கடந்துபோவது இல்லை என்றே சொல்லலாம். வாராந்திர ரீசெட்டை (வாரச் சுழற்சி புதிதாகத் தொடங்கும் நாள்) ஒட்டி வரும் டியூனிங் குறிப்புகளை (பலத்தைக் கூட்டிக் குறைக்கும் மாற்றங்களின் பட்டியல்) திறந்து, தன் ஸ்பெக்கின் பெயரைத் தேடிப் படித்துவிட்டுத்தான் அந்த வார ஆட்டத்தைத் தொடங்குபவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். எனவே இந்த மதிப்புரையில் கதையையோ வரைகலையையோ நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் உழைத்து வளர்த்த கிளாஸ் பலமிழக்கும்போது, அந்த மாற்றத்துக்குப் பழகிக்கொள்ள இந்த விளையாட்டு அவருக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பதுதான் இங்கே என் அளவுகோல். இத்தனை ஸ்பெக்குகள் உள்ள ஒரு விளையாட்டில் முழுமையான சமநிலையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் சமநிலை மாறும் ஒவ்வொரு முறையும் அதற்கான விலையை விளையாடுபவர் தலையில் கட்டாமல் இருப்பது தயாரிப்பாளரின் கையில்தான் இருக்கிறது.

அந்த விலை ஒரு காலத்தில் மிக அதிகமாக இருந்தது. 2004இல் வெளிவந்த முதல் பதிப்பில், டேலண்ட் புள்ளிகளை (கூடுதல் திறன்களைத் தேர்ந்தெடுக்கச் செலவிடுபவை) அழித்து மறுபடி போட வேண்டுமென்றால் பயிற்சியாளரிடம் விளையாட்டின் நாணயமான தங்கத்தைக் கொடுக்க வேண்டும். முதல் முறை 1 தங்கம். பிறகு ஒவ்வொரு முறையும் ஏறி ஏறி 50 தங்கம் வரை போய் நிற்கும். 40ஆம் லெவலில் சவாரி விலங்கு வாங்க ஏறத்தாழ 100 தங்கம் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. 2009இல் 3.1 பேட்ச் (புதுப்பிப்பு) வந்தபோதுதான் 1000 தங்கம் கட்டி இரண்டு ஸ்பெக்குகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும் வசதி கிடைத்தது. அத்துடன் நிலைமை சீராகிவிட்டது என்று நினைத்தால், 2016இல் லீஜியன் விரிவாக்கம் வந்து வேறொரு பூட்டைப் போட்டது: ஒவ்வொரு ஸ்பெக்குக்கும் தனித்தனி ஆர்டிஃபேக்ட் ஆயுதம், அதை வளர்க்கத் தனியாகச் சேர்க்க வேண்டிய சக்தி. ஒரு ஸ்பெக்கின் ஆயுதத்தில் கொட்டிய உழைப்பு இன்னொரு ஸ்பெக்குக்கு உதவாது என்பதால், நடு சீசனில் நெர்ஃப் (பலக் குறைப்பு) வாங்கியவர்கள் மாறவும் முடியாமல் நிலைக்கவும் முடியாமல் தவித்தார்கள்.

2020இல் வந்த ஷேடோலாண்ட்ஸ் விரிவாக்கம் இந்தத் தவறின் உச்சம் என்றே நான் கருதுகிறேன். நான்கு கவனண்டுகளில் (கதையில் வரும் அணிகள்) ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து நம் கிளாஸுக்கு ஒரு தனித் திறன் கிடைக்கும். கதைக்குப் பொருத்தமான, அழகான யோசனைதான். ஆனால் சமநிலை மாற்றம் வந்து அந்தத் திறன் பலமிழந்தால், வேறு கவனண்டுக்குப் போய் அங்கே முதலிலிருந்து முன்னேறுவதும், விட்டுவந்த பழையதற்குத் திரும்புவதும் வாரக்கணக்கில் இழுக்கும் வேலையாக இருந்தன. அதற்கு மேல் காண்டுயிட்டுகளை (திறன்களின் பலத்தைக் கூட்டும் செருகல்கள்) மாற்றுவதற்கும் ஒரு சக்தி அளவு வைத்து, அது தீர்ந்தால் காத்திருக்க வைத்தார்கள். விரிவாக்கம் வெளிவருவதற்கு முன்பிருந்தே விளையாட்டாளர்கள் இதை எதிர்த்துப் பேசினார்கள். 2021 நவம்பரில் வந்த 9.1.5 பேட்ச்சில் காண்டுயிட்டு சக்தியை நீக்கி, கவனண்டுகளுக்கு இடையே மாறுவதையும் எளிதாக்கினார்கள். ஏறத்தாழ ஓராண்டு தாமதமாக வந்த திருத்தம் அது. என்றாலும், அதற்குப் பிறகு இந்த விளையாட்டு எடுத்த திசையே வேறு.

2022இல் டிராகன்ஃபிளைட் விரிவாக்கத்துடன் டேலண்ட் மரங்கள் (கிளைகளாக விரியும் டேலண்ட் தேர்வுகள்) திரும்பி வந்தன. சண்டையில் இல்லாத நேரத்தில் செலவே இல்லாமல் டேலண்ட்டுகளை மாற்றலாம். ரெய்டுக்கு (பெரிய குழுவாக ஆடும் சண்டை) ஒன்று, நிலவறைக்கு ஒன்று என்று பல அமைப்புகளைப் பெயரிட்டுச் சேமிக்கலாம். ஒருவர் உருவாக்கிய அமைப்பை எழுத்துச் சரமாக நகலெடுத்து இன்னொருவர் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்ன வசதி பார்க்கச் சிறியதுதான். ஆனால் டியூனிங் வந்த அன்றே, நன்கு கணக்கிட்டு விளையாடும் ஒருவர் புதிய அமைப்பைப் பகிர, அதே ஸ்பெக்கை விளையாடும் மற்ற அனைவரும் சில நொடிகளில் அதைச் சோதித்துப் பார்க்க முடிகிறது. முன்பு வாரங்கள் பிடித்த தழுவல் இப்போது ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, இதன் இருபதாண்டு வரலாற்றில் டேலண்ட் முறை இன்றுதான் மிகச் சிறந்த நிலையில் இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

மாற்றக் குறிப்புகளை எப்படிப் படிப்பது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் தேவைக்கு அதிகமாகக் கலங்குவது இங்கேதான். ஒரு குறிப்பிட்ட திறனின் டேமேஜ் (எதிரிக்குத் தரும் சேதம்) 10 சதவீதம் குறைக்கப்பட்டது என்று குறிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மொத்த டேமேஜில் அந்தத் திறனின் பங்கு 30 சதவீதம் என்றால், உண்மையான இழப்பு 3 சதவீதம்தான். மிகக் கடினமான நிலையான மித்திக் ரெய்டில் 20 பேர். வழக்கமாக 2 டேங்க் (அடியைத் தாங்குபவர்), 4 ஹீலர் (குணப்படுத்துபவர்) போக 14 பேர் டேமேஜ் தருபவர்கள். 14 பேரும் ஏறத்தாழச் சமமாக அடிப்பதாகக் கொண்டால், ஒருவருடைய 3 சதவீத இழப்பு குழுவின் மொத்தத்தில் 0.2 சதவீதமாகச் சுருங்கிவிடும். எட்டு நிமிடச் சண்டையில் எதிரே நிற்கும் பாஸ் (பெரிய எதிரி) சுமார் ஒரு நொடி தாமதமாகச் சாகும். இந்த ஒரு நொடிக்காகப் பல ஆண்டுகளாக விரும்பி விளையாடிய கிளாஸைக் கைவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் தன் சண்டைப் பதிவைத் திறந்து, எந்தத் திறன் எத்தனை சதவீதம் என்று பார்த்த பிறகு முடிவெடுப்பதே முறை. சொந்தப் பாத்திரத்தின் கணக்கைத் துல்லியமாகப் போட ரெய்டுபாட்ஸ் தளம் இருக்கிறது.

எண்கள் மாறுவதைவிட, திறன் செயல்படும் விதம் மாறுவதுதான் கடினம். ஒரு ஸ்பெக்கின் முக்கியத் திறனுக்குக் கூல்டவுன் (மறுபடி அழுத்தக் காத்திருக்க வேண்டிய நேரம்) 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். டிரிங்கெட்டின் (பாத்திரம் அணியும் சிறு பொருள்) கூல்டவுனும் 2 நிமிடம். இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பழகியிருக்கிறோம். அந்த முக்கியத் திறனை 90 நொடிக்குக் குறைத்து, அதை ஒரு பஃபாகவே (பலக் கூட்டல்) அறிவித்தால் என்ன ஆகும்? 90உம் 120உம் மறுபடி சந்திப்பது 360ஆம் நொடியில். முன்பு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சேர்ந்து வந்தவை இனி ஆறு நிமிடத்துக்கு ஒருமுறைதான் சேர்ந்து வரும். ஆகவே ஒன்று டிரிங்கெட்டைத் தனியாக அழுத்தி அதன் பலனில் ஒரு பகுதியை இழக்க வேண்டும், அல்லது 90 நொடி டிரிங்கெட் ஒன்றைத் தேடிப் புறப்பட வேண்டும். குறிப்பில் ஒரே வரியாக இருப்பது கையில் மொத்த ரொட்டேஷனையும் (திறன்களை அழுத்தும் வரிசை) குலைத்துவிடும். பயிற்சிப் பொம்மையின் முன் நின்று, ஓப்பனரை (தொடக்க வரிசை), பொத்தான்கள் இருக்கும் திரையின் கீழ்ப்பகுதிக்குக் கண் போகாமல் அழுத்த வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

2025இல் 11.1.7 பேட்ச்சில் சேர்க்கப்பட்ட உதவி வசதி இந்தக் கட்டத்தில் பெரிதும் கைகொடுக்கிறது. அடுத்து எந்தத் திறனை அழுத்தலாம் என்று பொத்தானை ஒளிரச் செய்து காட்டுவது ஒரு வகை. ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் வரிசையாகத் திறன்களை இயக்குவது இன்னொரு வகை. இரண்டாவதில் திறன்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி வைக்கப்பட்டிருப்பதால் டேமேஜ் குறையும். கையால் ஆடும் திறமைக்கு மதிப்புக் குறையாமல் இருக்க அப்படி வைத்தது சரியான முடிவு. ஒளிரும் வகையோ, மாற்றம் வந்த முதல் நாட்களில் புதிய வரிசையின் அடிப்படையைப் பிடித்துக்கொள்ள நல்ல துணை. அது காட்டும் வரிசை எப்போதும் உச்சப் பலன் தரும் வரிசையாக இருக்காது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இதுவரை சொன்னவற்றில் பாராட்டே அதிகம். ஐந்து பேர் கொண்ட மித்திக் பிளஸ் நிலவறைகளுக்கு வரும்போது என் மதிப்பீடு மாறுகிறது. இங்கே டேமேஜ் தருபவர்களுக்கு மூன்றே இடங்கள். விண்ணப்பித்தவர்களின் பட்டியலைப் பார்த்துக் குழுத் தலைவர் சில நொடிகளில் தேர்ந்தெடுத்துவிடுவார். அந்த நொடிகளில் அவர் பார்ப்பது கிளாஸின் சின்னத்தையும் மதிப்பெண்ணையும்தான். 0.2 சதவீதக் கணக்கெல்லாம் இங்கே எடுபடாது. உயர்மட்டக் குழுக்கள் எதைக் கொண்டுபோகின்றனவோ அதையே நடுத்தர மட்டத்திலும் கேட்கிறார்கள். 2023 ஜூலையில் 10.1.5 பேட்ச்சுடன் வந்த ஆக்மென்டேஷன் எவோக்கர் என்ற ஸ்பெக் இதற்குத் தெளிவான சான்று. தானே அடிப்பதைவிடக் கூட்டாளிகளின் டேமேஜை உயர்த்துவதே அதன் வேலை. அது தரும் பலன் மற்றவர்களின் கணக்கில் ஏறுவதால், அதன் உண்மையான மதிப்பை டேமேஜ் மீட்டரைப் பார்த்து அறிய முடியாது. அதை எவ்வளவு குறைப்பது என்று தீர்மானிப்பதும் எளிதாக இல்லை. உயர்நிலை நிலவறைகளில் அது இன்றியமையாததாகவே ஆகிவிட்டது. மூன்று இடங்களில் ஒன்று அதற்கென்று நிலைத்துவிட்டபோது, மற்ற டேமேஜ் ஸ்பெக்குகள் அனைத்தும் மீதமிருந்த இரண்டு இடங்களுக்குப் போட்டியிட வேண்டியதாயிற்று. இத்தகைய நிலையில் தனிமனிதர் எவ்வளவு நன்றாகத் தழுவிக்கொண்டாலும் பயனில்லை. தெரிந்தவர்களுடன் ஒரு நிலையான குழுவை அமைத்துக்கொள்வதுதான் நான் கண்ட ஒரே நம்பகமான வழி. அதற்கும் விளையாட்டு தரும் உதவி குறைவு.

இதே அளவுகோலை, இதே வகை விளையாட்டான ஃபைனல் ஃபேன்டஸி 14இன் மீது வைத்துப் பார்த்தால் படம் வேறாகத் தெரிகிறது. அங்கே ஒரே பாத்திரம் எல்லா ஜாப்களையும் (கிளாஸுக்கு இணையானவை) வளர்க்கலாம். ஒரே வகையைச் சேர்ந்த ஜாப்கள் ஒரே கவசத்தைப் பகிர்ந்துகொள்ளும். பிளாக் மேஜ் பலமிழந்ததாகத் தோன்றினால், அதே உடையுடன் ரெட் மேஜாகவோ சம்மனராகவோ நிற்கலாம். ஆயுதம் மட்டும் தனியாக வேண்டும். ஆனால் அங்கே வாரந்தோறும் திருத்தம் வருவதில்லை. 2022 ஏப்ரலில் 6.1 பேட்ச்சில் சாமுராயின் கைட்டன் திறனை நீக்கியபோது எழுந்த எதிர்ப்பு பெரிது. இருந்தும் அந்தத் திறன் திரும்பி வரவில்லை. மாறிக்கொள்வது அங்கே எளிது, தவறு திருத்தப்படுவது இங்கே விரைவு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒரே கிளாஸை நேசித்து விளையாடும் எனக்கு விரைவான திருத்தமே முக்கியம்.

விரைவு மட்டும் போதாது, காரணமும் சொல்லப்பட வேண்டும். பெரிய பேட்ச் மாற்றங்கள் பொதுச் சோதனை சர்வரில் முன்கூட்டியே வருகின்றன. சொந்தப் பாத்திரத்தை அங்கே நகலெடுத்துச் சோதிக்கலாம். வாராந்திர டியூனிங்கும் பெரும்பாலும் சில நாட்கள் முன்னதாக அறிவிக்கப்படுகிறது. பிவிபிக்கு (விளையாட்டாளர்கள் ஒருவரோடொருவர் மோதும் ஆட்டம்) மட்டும் பொருந்தாத மாற்றங்கள் அப்படியே தனியாகக் குறிக்கப்படுகின்றன. சில குறிப்புகளுக்குக் கீழே தயாரிப்பாளர்கள் தங்கள் நோக்கத்தை ஒரு பத்தியாக எழுதுகிறார்கள். அந்தப் பத்தி இருக்கும் இடங்களில், நெர்ஃப் வாங்கியவர்களால்கூட அதை வைத்து வாதிட முடிகிறது. இல்லாத இடங்களில் வெறும் சதவீதம் மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு குறைப்புக்கும் ஒரு வாக்கியமாவது காரணம் எழுதுவதை, இதைத் தயாரிக்கும் பிளிசார்ட் நிறுவனம் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

புதிதாகச் சேர்பவருக்கும், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்கும் நான் பரிந்துரைப்பது, கிளாஸைத் தேர்ந்தெடுக்கும்போதே மாறிக்கொள்ளும் செலவையும் பார்க்க வேண்டும் என்பதுதான். டேலண்ட் மாற்றம் இலவசமாகிவிட்டாலும் ஆயுதமும் டிரிங்கெட்டும் இலவசமில்லை. பரிசுப் பெட்டகமான கிரேட் வால்ட் வாரத்துக்கு ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்துக்கொள்ள விடுகிறது. டுரூயிட்டுக்கு டேங்க், ஹீலர், அருகிருந்து அடிப்பது, தொலைவிலிருந்து அடிப்பது என நான்கு ஸ்பெக்குகள் இருப்பதால் எப்போதும் ஏதேனும் ஒரு கதவு திறந்திருக்கும். ஆனால் தோல் கவசம் ஸ்பெக்குக்கு ஏற்பத் தன் முதன்மைப் பண்பை மாற்றிக்கொண்டாலும், ஆயுதமும் டிரிங்கெட்டுகளும் அப்படி எளிதில் பொருந்தா. ரோக்கில் அசாசினேஷனும் சட்டில்ட்டியும் குத்துவாளைக் கேட்கும், அவுட்லாவுக்கு வாள் போன்றவை வேண்டும். ஹன்டரில் பீஸ்ட் மாஸ்டரியும் மார்க்ஸ்மேன்ஷிப்பும் வில், துப்பாக்கி போன்றவற்றுடன் நிற்க, சர்வைவல் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அடிக்கும் ஆயுதத்தை நம்புகிறது. மேஜுக்கோ ஆர்கேன், ஃபயர், ஃபிராஸ்ட் மூன்றுக்கும் ஒரே கைத்தடி, ஒரே உடை. டிரிங்கெட்டுகளிலும் பெரும்பாலானவை பொது. நெர்ஃப் வந்த மாலையே வேறு ஸ்பெக்கில் ரெய்டுக்கு நிற்க வேண்டும் என்பவருக்கு, இன்றைய நிலையில் மேஜைவிடச் செலவு குறைந்த கிளாஸ் எனக்குத் தெரிந்து வேறில்லை.