லாரியில் வாயு, டேங்கரில் திரவம், அங்கேயே உற்பத்தி: எந்த ஹைட்ரஜன் பங்க் தாக்குப்பிடிக்கிறது?

2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிஃபோர்னியாவில் கார்களுக்கென்று நடத்திவந்த ஹைட்ரஜன் பங்க்குகளை நிரந்தரமாக மூடியது. முக்கியக் காரணமாக அது சொன்னது ஹைட்ரஜன் வரத்தில் இருந்த சிக்கலை. அந்த பங்க்குகளை நம்பி ஓடிய டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் கார் சோடையான வண்டி அல்ல. ஒருமுறை நிரப்பினால் 640 கிலோமீட்டர் வரை போகும் என்று அமெரிக்க அரசின் சோதனையே சொல்கிறது. சிக்கல் முழுக்க நிரப்பும் இடத்தில்தான்.

ஹைட்ரஜன் பங்க் என்றாலே இரண்டு எண்களைத்தான் எல்லோரும் முன்வைக்கிறார்கள்: மொத்தம் எத்தனை பங்க், ஒவ்வொன்றும் நாளைக்கு எத்தனை கிலோ தரும். கலிஃபோர்னியா 2025-க்குள் 200 பங்க் என்று 2018-ல் அறிவித்தது, பாதியைக்கூட எட்டவில்லை. ஜெர்மனி 400 என்று பேசி, நூறை ஒட்டி நின்றுவிட்டது. ஆனால் எண்ணிக்கை குறைந்ததை விட, திறந்த பங்க்குகள் சரியாக ஓடாததுதான் பெரிய அடி என்பது என் கருத்து. வண்டி வைத்திருப்பவருக்கு வேண்டியது வேறு. நான் போகும்போது பங்க் வேலை செய்கிறதா? எனக்கு முன்னால் இரண்டு கார் நிரப்பிவிட்டுப் போன பிறகும் எனக்கு முழு டேங்க் கிடைக்குமா? எங்கோ ஓர் ஆலை நின்றால், அதோடு சேர்ந்து எத்தனை பங்க் படுத்துவிடும்? ஹைட்ரஜன் எப்படி வந்துசேர்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் பங்க்குகள் மூன்று வகை. இந்தக் கேள்விகளை வைத்தே மூன்றையும் பார்ப்போம்.

அதற்கு முன், காரில் மாட்டி நிரப்பும் நாசில் முனையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இது மூன்று வகைக்கும் பொது. மிராயின் டேங்கில் 700 பார் (காற்றுமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கு) அழுத்தத்தில் சுமார் 5.6 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும். அவ்வளவையும் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஏற்றினால் டேங்க் சூடாகும். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அதனால் வாயுவை மைனஸ் 40 டிகிரியை ஒட்டிக் குளிரவைத்துத்தான் அனுப்புகிறார்கள். நாசிலை மாட்டிப் பூட்டியதும் இயந்திரம் ஒரு சின்ன அழுத்தத்தைக் கொடுத்து, கசிவு இருக்கிறதா என்று பார்க்கும். கார் தன் டேங்கின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அகச்சிவப்புக் கதிர் வழியாக நாசிலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் வாயு பாயும், அதிகபட்சம் நொடிக்கு 60 கிராம் வேகத்தில். நடுவிலும் நிறுத்திக் கசிவு பார்ப்பார்கள். இவற்றில் எது சரியில்லை என்றாலும் இயந்திரம் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்து டேங்க் நிரம்பிவிட்டது. இப்போது நாசில் கழன்று வராது. அவ்வளவு குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் பட்டு உறைந்து, நாசில் காரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பலம் போட்டு இழுத்தால் உடையக்கூடிய பொருள் அது. பனி இளகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். காலை நேரத்தில் வரிசையாகக் கார்கள் வந்தால் நாசில் சூடேற நேரமே இருக்காது, ஒட்டல் இன்னும் மோசமாகும். கூட்டமே இல்லாத பங்க்கில் இந்தத் தொல்லை கண்ணிலேயே படாது. ஒற்றைக் காரை வைத்து நடத்தும் திறப்பு விழாச் சோதனையில் பங்க்கின் உண்மை நிலை தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நிரப்பும் முறைக்கு எஸ்.ஏ.இ. ஜே2601 என்ற தரவிதி இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு பங்க் அதன்படி நடக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு கார் நிறுவனமும் தன் வண்டியைக் கொண்டுவந்து தனித்தனியே நிரப்பிப் பார்த்தது. திறப்பு விழா மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் சாண்டியா, என்.ஆர்.இ.எல். ஆய்வகங்கள் சேர்ந்து ஹைஸ்டெப் என்ற சோதனைக் கருவியை உருவாக்கிய பிறகே அந்தச் சுமை குறைந்தது. கார் டேங்க் போன்ற டேங்குகளும் உணரிகளும் பொருத்திய இழுவண்டி அது. கார் நிரப்புவது போலவே நிரப்பி, விதி மீறுகிறதா என்று பார்த்துவிடும். 2010-களில் கலிஃபோர்னியா செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் சொல்வேன்.

இனி முதல் வகை: வேறெங்கோ தயாரித்த ஹைட்ரஜனை வாயுவாகவே நீண்ட உருளைகளில் அடைத்து லாரியில் கொண்டுவருவது. கட்டுவதற்கு எளிது, முதலீடும் குறைவு, ஆகவே பெரும்பாலோர் இதில்தான் தொடங்கினார்கள். எஃகு உருளைகள் கொண்ட பழைய டிரெய்லர் 200 பார் அழுத்தத்தில் 300 கிலோ அளவுக்குத்தான் கொண்டுவரும். அவ்வளவு பெரிய லாரி வந்து போனால் அறுபது கார் நிரம்பும், அவ்வளவுதான். 500 பார் தாங்கும் கார்பன் இழை உருளைகள் வந்த பிறகு ஒரு டன்னை ஒட்டிக் கொண்டுவர முடிகிறது.

இந்த வகையின் பலவீனம் கம்ப்ரஸர். லாரியில் வந்த வாயுவை 900 பாருக்கு மேல் ஏற்றி, பல அடுக்குச் சேமிப்பு உருளைகளில் வைத்திருப்பார்கள். கார் வந்ததும் முதலில் குறைந்த அழுத்த உருளை, பிறகு நடு, கடைசியில் உச்ச அழுத்தம் என்று மாற்றி மாற்றி நிரப்பும். வீட்டு மாடித் தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டி நிறைந்திருக்கும்போது குழாயில் வேகமாக வரும், அடுத்தடுத்து நாலு பேர் குளித்தால் மோட்டார் ஏற்றும்வரை சொட்டிக்கொண்டிருக்கும். வரிசையில் மூன்றாவது, நாலாவதாக நிற்கிற காருக்கு உச்ச அழுத்த உருளை வற்றியிருக்கும். அரை டேங்கோடு போக வேண்டும், இல்லையென்றால் கம்ப்ரஸர் மறுபடி ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். விளம்பரப் பலகையில் நாளைக்கு 180 கிலோ என்று எழுதியிருக்கலாம். காலை எட்டு மணிக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ தர முடியும் என்பதுதான் கேள்வி. அது எங்கும் எழுதப்படுவதில்லை.

பல பங்க்குகளின் கம்ப்ரஸருக்குள் மெல்லிய உலோகத் தகடு மேலும் கீழும் வளைந்து வாயுவை அழுத்துகிறது. விடாமல் ஓடினால் அதற்கு ஆயுள் அதிகம். ஆனால் கார் வரும்போது ஓடி, போனதும் நிற்பதுதான் பங்க்கின் வேலை. நின்று நின்று ஓடுவதால் தகட்டில் விரிசல் விழுகிறது, சீல் தேய்கிறது. அமெரிக்கப் பங்க்குகளிலிருந்து என்.ஆர்.இ.எல். ஆண்டுக்கணக்கில் திரட்டிய பராமரிப்புத் தரவுகளில் திரும்பத் திரும்ப முன்னால் நிற்பவை கம்ப்ரஸரும், நாசில் இருக்கும் டிஸ்பென்சரும்தான். காருக்குள் ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் செல்லையோ சேமிப்பு உருளையையோ பற்றி எவ்வளவோ பயந்தார்கள். கடைசியில் காலை வாரியது தேய்கிற இயந்திர பாகங்கள்.

வரத்து விஷயத்தில் இந்த வகை எவ்வளவு நொய்மையானது என்பதை 2019 ஜூன் 1 காட்டியது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் ஏர் ப்ராடக்ட்ஸ் நிறுவன வளாகத்தில், லாரியில் ஹைட்ரஜன் ஏற்றும் இடத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பெரும்பாலான பங்க்குகள் அந்த ஒரே இடத்தை நம்பியிருந்தன. அவற்றில் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும் ஹைட்ரஜன் இல்லாமல் காய்ந்தன. மிராய் வாங்கியவர்கள் எரிபொருளைத் தேடி நாள்கணக்கில் அலைந்தார்கள். பல பங்க், ஒரே வாய். வரைபடத்தில் பத்துப் புள்ளியாகத் தெரிந்தது உண்மையில் ஒரே புள்ளி.

இரண்டாவது வகை, ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிக் கொண்டுவருவது. ஒரே டேங்கரில் மூன்றரை, நாலு டன் வந்துவிடும். ட்ரூ ஸீரோ என்ற பெயரில் பங்க் நடத்தும் ஃபர்ஸ்ட் எலிமென்ட் நிறுவனம் 2019-ல் ஓக்லாந்தில் திறந்த பங்க் இந்த வகை. நாளைக்குச் சுமார் 800 கிலோ கொள்ளளவு, அதன் பழைய வாயு பங்க்குகளைப் போல நான்கு மடங்குக்கு மேல். திரவத்தை பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிவிட்டு, பிறகு வாயுவாக்குகிறார்கள். திரவத்தை அழுத்துவது வாயுவை அழுத்துவதை விட மிகச் சுலபம், கம்ப்ரஸரின் பாடு மிச்சம். குளிரும் கூடவே வந்துவிடுவதால் தனியாகக் குளிர்விக்கும் சுமையும் குறைகிறது. அடுத்தடுத்து வரும் கார்களைச் சமாளிப்பதில் மூன்றில் இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் இந்த வகைக்கு நெரிசல் இருந்தே ஆக வேண்டும். திரவ ஹைட்ரஜன் சும்மா இருந்தாலும் மெல்லச் சூடேறி ஆவியாகும். அழுத்தம் கூடினால் வெளியே விட்டாக வேண்டும். நாளைக்குப் பத்துக் கார் வரும் ஊரில் இதைக் கட்டினால் காசு காற்றோடு போகும். மின்சாரக் கணக்கும் உண்டு: ஒரு கிலோவைத் திரவமாக்க 10 முதல் 13 யூனிட் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றலே 33 யூனிட்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு குளிர்விப்பதிலேயே போகிறது. திரவமாக்கும் ஆலைகளும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். 2022-ல் ஏர் லிக்விட் நிறுவனம் நாளைக்கு 30 டன் தரும் ஆலையைத் திறந்தது வடக்கு லாஸ் வேகாஸில். அடுத்த மாநிலத்திலிருந்து டேங்கர் வர வேண்டும். ஆக, ஓர் ஆலை நின்றால் எத்தனை பங்க் படுத்துவிடும் என்ற மூன்றாவது கேள்வியில் இதுவும் முதல் வகையைப் போலத்தான் தடுமாறுகிறது.

மூன்றாவது, தண்ணீரையும் மின்சாரத்தையும் வைத்துப் பங்க்கிலேயே தயாரிப்பது. லாரியே வேண்டாம் என்பதால் கேட்கவே நன்றாக இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2014-ல் இப்படி ஒரு பங்க்கைத் திறந்தது. கொள்ளளவு நாளைக்கு 60 கிலோ, பதினைந்து கார் வரை நிரப்பலாம். பொதுமக்களுக்குக் கிலோ கணக்கில் ஹைட்ரஜன் விற்கக் கலிஃபோர்னியாவில் முதலில் சான்று பெற்றதும் இதுதான். அவ்வளவு அழுத்தத்தில் கிலோவைச் சரியாக அளப்பதே பெரும்பாடு. ஆரம்ப ஆண்டுகளில் 10 சதவீதம் வரை பிழை காட்டும் மீட்டர்களைக்கூடத் தற்காலிகமாக அனுமதித்தார்கள்.

ஆனால் ஒரு கிலோ தயாரிக்க 50 முதல் 55 யூனிட், அழுத்தி குளிர்விப்பதையும் சேர்த்தால் 60-ஐத் தொடும். நாளைக்கு 200 கிலோ விற்க வேண்டுமென்றால் இரவு பகலாக 500 கிலோவாட் இழுக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கின் மூலையில் அந்த அளவு மின் இணைப்பு கிடைப்பது எளிதல்ல. லாரி போகிறது, தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் வருகிறது; பழுதாகக்கூடிய பட்டியலில் ஓர் இயந்திரம் கூடியதுதான் மிச்சம், கம்ப்ரஸர் அப்படியே இருக்கிறது. 2019 ஜூன் 10 அன்று நார்வேயின் சான்ட்விகாவில் வெடித்த பங்க்கும் அங்கேயே தயாரிக்கும் வகை. ஆனால் குற்றம் எலக்ட்ரோலைசரில் இல்லை. உயரழுத்தச் சேமிப்புத் தொட்டியில் ஓர் அடைப்பானைச் சரியாகப் பொருத்தாமல் விட்டதுதான் காரணம் என்று கருவிகளைச் செய்த நெல் நிறுவனமே அறிவித்தது. விபத்து நடந்த கையோடு டொயோட்டாவும் ஹூண்டாயும் அந்த நாட்டில் ஹைட்ரஜன் கார் விற்பனையை நிறுத்திவைத்தன. ஒரு பங்க்கின் தவறு நாடு முழுதுக்கும் விலை வைத்தது.

விலையையும் பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவில் கிலோ 13 முதல் 16 டாலர் வரை விற்றுக்கொண்டிருந்தது. 2023-ல் ட்ரூ ஸீரோ பங்க்குகளில் 36 டாலருக்குப் போனது. மிராயை நிரப்ப 200 டாலர். காரோடு டொயோட்டா தந்த 15,000 டாலர் எரிபொருள் அட்டை தீர்ந்தவர்களுக்கு வண்டியை வைத்திருப்பதே சுமையாகிவிட்டது. பேட்டரி காருடன் ஒப்பிட்டால் இன்னும் கசக்கும்: பங்க்கில் ஒரு கிலோ தயாரிக்க ஆகும் 60 யூனிட்டில் மிராய் 115 கிலோமீட்டர் போகும், அதே 60 யூனிட்டை பேட்டரி காரில் ஏற்றினால் 300 கிலோமீட்டரைத் தாண்டலாம். ஐந்து நிமிடத்தில் நிரம்பும் என்பதுதான் ஹைட்ரஜனின் ஒரே பதில். பங்க் வேலை செய்யாத நாளில் அந்தப் பதிலும் இல்லை.

அப்படியானால் எதைத் தேர்வது? தனியார் கார்களுக்காக ஊரெங்கும் சிறு சிறு வாயு பங்க் தூவுவது தோற்றுவிட்டது என்று தயங்காமல் சொல்வேன். ஜெர்மனியின் ஹெச்2 மொபிலிட்டி நிறுவனமே 2025-ல் 22 சிறிய பங்க்குகளை மூடுவதாக அறிவித்து, லாரி, பஸ் நிரப்பும் பெரிய பங்க்குகளுக்கு மாறியது. கனரக லாரிகள் ஓயாமல் வரும் நெடுஞ்சாலையில் திரவம்தான் சரி. அங்கேயே தயாரிக்கும் வகைக்கு ஏற்றது, எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பணிமனை. எலக்ட்ரோலைசர் சீராக ஓடும், கம்ப்ரஸர் அவசரப்படாமல் ஏற்றி வைக்கும், வரிசையே வராது.

நம் நாட்டின் முயற்சிகள் தற்செயலாகவோ தெரிந்தோ இந்தத் திசையில் போகின்றன. லே நகரில், 11,562 அடி உயரத்தில், மத்திய அரசின் மின் நிறுவனமான என்.டி.பி.சி. தன் சூரிய மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரித்து ஐந்து பஸ்களுக்கு நிரப்பும் நிலையம் அமைத்திருக்கிறது. சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-ல் உருவான ஹைட்ரஜன் ரயிலுக்காக ஹரியானாவின் ஜிந்தில் எலக்ட்ரோலைசருடன் நிரப்பு நிலையம் எழுந்திருக்கிறது. இரண்டிலும் வரும் வண்டி எது என்று தெரியும். இவற்றை மதிப்பிட, மாதத்தில் எத்தனை மணி நேரம் நின்றது, எந்தப் பாகத்தால் நின்றது, கிலோவுக்கு எத்தனை யூனிட் செலவானது, அடுத்தடுத்து இரண்டு பஸ் நிரப்பும்போது இரண்டாவதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்ற கணக்கு வேண்டும். பொதுப் பணத்தில் ஓடும் நிலையங்கள் இவை. கலிஃபோர்னியாவின் கணக்கை என்.ஆர்.இ.எல். வெளியிட்டதைப் போல இவற்றின் கணக்கையும் மாதாமாதம் வெளியிடச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.