மறதி நோய்: புது மருந்தா, முன்கூட்டியே தடுப்பதா?

லெக்கனெமாப் மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்கா முழு அனுமதி தந்தது. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் மருந்து இது. மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமரின் ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும். சுமார் 1,800 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் வெறும் 0.45. அந்தச் சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியே ஏற்றினார்கள். மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அறிமுக விலை வருடத்துக்கு 26,500 டாலர்.

தடுப்புப் பக்கம் வருவோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது மந்தம், புகை, படிப்புக் குறைவு என 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் ஒழித்தால் 45 சதவீத நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது அது. சரி, இது ஒரு மதிப்பீடுதான். இருந்தாலும் பின்லாந்தில் 1,260 முதியவர்கள் 2 ஆண்டுகள் பங்கேற்ற ஆய்வில், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தநாளக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து கிடைத்தவர்களின் சிந்தனைத்திறன் மற்றவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது.

அரசின் பணம் முதலில் போக வேண்டியது பிரஷர் மாத்திரைக்கும் காது கேட்கும் கருவிக்கும்தான் என்பேன். அவை மாரடைப்பையும் தனிமையையும்கூடக் குறைக்கும். அதற்காக மருந்து ஆராய்ச்சியை நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே பிள்ளையின் பெயரை மறந்துவிட்ட அம்மாவுக்குத் தடுப்புத் திட்டத்தால் தர முடிந்தது மிகக் குறைவு.